டிரையல் பீஸ் வண்டியில் ஏறாது

சரவணா,

இதை உன் டிபன் பைக்குள் சொருகியது அம்மா இல்லை, நான். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படி. வீட்டில் வைத்துப் படித்தால் பாதியில் எழுந்து வந்து ஏதாவது கேட்பாய், நான் வழக்கம்போல மழுப்பிவிடுவேன். வருகிற திங்கட்கிழமை உன் மேனேஜருக்கு நீ பதில் சொல்ல வேண்டும். குஜராத்தில் புதிதாகத் திறக்கிற பிளான்ட்டுக்கு உன்னைக் கூப்பிடுகிறார்கள், ஒரு முழு லைனையும் உன் பொறுப்பில் விட்டு. நீ மாட்டேன் என்று சொல்லப்போகிறாய். நீ என்னிடம் சொல்லவில்லை, ஆனால் முந்தாநாள் சமையலறையில் அம்மாவிடம், "அப்பாவ வுட்டுட்டு நா எங்கம்மா போறது? ஒரு நாள் வுட்டதுக்கே இன்னா ஆச்சுன்னு பாத்தல்ல?" என்று நீ சொன்னது ஹாலில் படுத்திருந்த என் காதில் விழுந்தது. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்த ஒரு நாளுக்காக நீ ஐந்து வருஷமாக ஷிப்ட் முடிந்து ஓ.டி. பார்க்கவில்லை. பூனாவில் ஆறு மாசப் பயிற்சிக்குப் போகச் சொன்னபோதும் போகவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கூட ராத்தங்கவில்லை. அந்த ஒரு நாளில் உன் தப்பு என்று எதுவுமே கிடையாது. தப்பு செய்தவன் நான். எப்படி என்று கடைசி வரை படி.

உன் அப்பன் பிழைப்பு உனக்குத் தெரியும். முதலில் அம்பத்தூர், பிறகு ஒரகடம். வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தகட்டில் விரிசல் தேடியவன். மற்றவர்கள் வேலை செய்யச் சம்பளம் வாங்கினார்கள், நான் சந்தேகப்படச் சம்பளம் வாங்கினேன். அந்தப் புத்தியைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பால்காரன், கேபிள்காரன், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன், ஒருத்தனையும் நம்பியதில்லை. உன்னையும் விடவில்லை. நீ பாலிடெக்னிக்கில் படித்தபோது, கிளாஸுக்குத்தான் போகிறாயா என்று பார்க்க லீவு போட்டுவிட்டு வந்து வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் நின்றேன். நீ ஒழுங்காக உள்ளேதான் இருந்தாய். மத்தியானம் கூட்டாளிகளோடு வெளியே வந்தவன் என்னைப் பார்த்துவிட்டு, "எங்கப்பாடா, ஆடிட்டுக்கு வந்துகிறாரு" என்று சொல்லிச் சிரிக்க வைத்துச் சமாளித்தாய். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்றைக்கு நான் செய்தது கேவலம். இவ்வளவு காலம் கழித்தாவது அதை உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துப் பத்தில் எனக்குச் சாப்பாடு இறங்காமல், வயிறு எரிந்து, உடம்பு துரும்பாக இளைத்துப்போனபோது, நீ பிடிவாதம் பிடித்துச் சென்னைக்குக் கூட்டிப்போனாய். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள். நான் அழவில்லை. என் தொழில் புத்திக்கு அது ரொம்பச் சாதாரணமாகப் பட்டது. கெட்டுப்போன இடம் தெரிந்துவிட்டது, வெட்டி எறிய வேண்டியதுதானே! "உள்ள கட்டி கீதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப எடுத்துடுங்க சார். இதுல யோசிக்க இன்னா கீது?" என்றேன். பெரிய டாக்டர் பொறுமையான ஆள். "எடுக்கலாம் ஐயா. எப்ப எடுக்கறதுன்றதுதான் கேள்வி. முதல்ல ஆபரேஷன் பண்ணிட்டு அப்புறம் மருந்து ஏத்தறது ஒரு வழி. மூணு மருந்தச் சேத்து மூணு தடவை ஏத்தி, கட்டிய சுருங்க வச்சு, அப்புறம் ஆபரேஷன் பண்ணி, மறுபடி மூணு தடவை ஏத்தறது இன்னொரு வழி. ரெண்டுல எது மேல்னு தெரிஞ்சுக்க இங்க ஒரு டிரையல் நடக்குது. உங்களுக்கு இஷ்டம்னா சேரலாம், இல்லன்னாலும் வைத்தியம் உண்டு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தைதான் என் காதில் நின்றது. டிரையல். எங்கள் பிரஸ் ஷாப்பில், அதாவது தகடு அடிக்கிற கூடத்தில், புது அச்சு வந்து இறங்கினால் முதலில் கொஞ்சம் தகட்டை அடித்துப் பார்ப்பார்கள். அந்தப் பீஸுகளுக்கு மஞ்சள் டேக் மாட்டுவார்கள். அளப்போம், வளைப்போம், ரம்பத்தால் அறுத்து உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். பார்த்து முடித்ததும் ஸ்கிராப் தொட்டியில் போட்டுவிடுவோம். நன்றாகவே வந்திருந்தாலும் போட்டுவிடுவோம். டிரையல் பீஸ் வண்டியில் ஏறாது, எங்கள் ஷாப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. நான் உன் பக்கம் திரும்பி, "இன்னாடா, எனக்கு மஞ்ச டேக் மாட்டப் போறாங்களா?" என்றேன். நீ என் முழங்கையைப் பிடித்து அழுத்தி, "சும்மா இருப்பா, அவரு சொல்றத கேப்போம்" என்றாய்.

அந்தச் சம்மதப் படிவத்தை நீ எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினாய். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி வந்தது. எனக்கு அங்கேதான் மூக்கில் வேர்த்தது. எந்தக் கம்பெனியாவது அப்படி எழுதிக் கொடுக்குமா? இஷ்டப்பட்டால் வா, பிடிக்காவிட்டால் போ என்று ஒருவன் சொன்னால் அவன் வேறு எங்கேயோ பிடி வைத்திருக்கிறான் என்றுதான் என் அனுபவம் சொன்னது. யாருக்கு எந்த வழி என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் என்றார்கள். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்! வேண்டியவனுக்கு உடனே ஆபரேஷன், வேண்டாதவனுக்கு மருந்து ஏற்றிச் சோதனை, இதுதான் நடக்கும் என்று நினைத்தேன். நீயோ எனக்குத் தெரியாமல் தாம்பரத்தில் வேறொரு டாக்டரைப் பார்த்து, எல்லாக் காகிதத்தையும் காட்டி விசாரித்துவிட்டு வந்திருந்தாய். அது தெரிந்ததும் நான் என்ன கேட்டேன்? "ஓஹோ, நீயே பேசி முட்ச்சு என்னை எழுதிக் குடுத்துட்டியா?" என்றேன். நீ பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய் வராண்டாவில் நின்றாய். நான் கையெழுத்துப் போட்டேன், நம்பிப் போடவில்லை, உன்னைப் பார்க்க முடியாமல் போட்டேன்.

கம்ப்யூட்டர் என்னை மருந்து முதலில், ஆபரேஷன் பிறகு என்கிற பக்கம் தள்ளியது. பார்த்தாயா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். காத்திருக்கிற ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொருவராக வாயைக் கிண்டினேன். மருந்து முதலில் என்கிற என் பக்கத்திலேயே பேங்க் மேனேஜர் ஒருத்தர் இருந்தார். ஆபரேஷன் முதலில் என்கிற பக்கத்தில் ஒரு மூட்டை தூக்குகிறவர் இருந்தார். அதைப் பார்த்தாவது புத்தி தெளிந்திருக்கலாம். நம்மைப் போன்ற ஆளுக்குச் சந்தேகம் வராமல் இருக்க மேனேஜரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். போதாததற்கு எங்கள் பிரஸ் லைனில் இருந்த இசக்கி, திருநெல்வேலிப் பக்கத்து ஆள், குன்றத்தூரில் நம் வீடு வரைக்கும் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். "அண்ணே, கட்டிய உள்ள வச்சுக்கிட்டே மாசக்கணக்கா மருந்து ஏத்துதாங்களா? வெட்ட வேண்டியத வெட்டாம இது என்ன வெளையாட்டு? உங்கள வச்சுப் படிக்காவ போலிருக்கே" என்றான். பாவம், அவன் பாசத்தில் சொன்னான். எனக்கு அது என் சந்தேகத்தை உறுதி செய்கிற ரிப்போர்ட் மாதிரி இருந்தது.

அப்புறம் அந்த நோட்டு வந்தது. தினமும் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும், வாந்தி, பேதி, வாய்ப்புண், கை மரத்துப்போவது எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. ஜெசிந்தா சிஸ்டர் என்று ஒருவர், அந்த டிரையலின் தாள்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர், உன்னையும் என்னையும் எதிரே உட்கார வைத்து, நூறைத் தாண்டிக் காய்ச்சல் அடித்தால் அந்த நிமிஷமே போன் பண்ண வேண்டும் என்று மூன்று தரம் சொன்னார். நான் தலையாட்டினேன். மனசுக்குள் கணக்கே வேறு. கட்டத்தில் கோளாறு என்று எழுதினால் என்ன ஆகும்? பீஸ் ரிஜெக்ட். மருந்தைத் தள்ளிப் போடுவார்கள், மருந்து தள்ளினால் ஆபரேஷனும் தள்ளும், அதற்குள் உள்ளே இருக்கிறது வளர்ந்து தொலையும். அதனால் முதல் தடவை மருந்து ஏறியதும் ஒரு வாரம் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தும், விரல் நுனியில் ஊசி குத்தியும், நீ ஷிப்டில் இருந்த நேரமெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் 'ஓகே' என்று எழுதினேன். உன் அம்மா கேட்டபோது, "டாக்டரே சொல்லிட்டாரு, இப்டிதான் இருக்குமாம்" என்று வாயடைத்தேன்.

இரண்டாவது தடவை மருந்து ஏறிய பத்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை, மத்தியானத்திலிருந்தே உடம்பு கொதித்தது. நானே வைத்துப் பார்த்தேன், நூற்றொன்றைத் தாண்டியிருந்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு உன் கம்பெனி பஸ் வரும், நீ வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் தர்மாமீட்டரை எடுப்பாய். பஸ் ஹாரன் கேட்டதும் நான் பிரிட்ஜைத் திறந்து ஐஸ் தண்ணீரை வாய் நிறைய எடுத்து அடக்கிக்கொண்டேன். அந்த மருந்து ஏறியவன் சில்லென்று எதையும் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். வாய்க்குள் முள்ளுக்கம்பியைச் சுருட்டித் திணித்தது போல இருந்தது, தொண்டை இழுத்துக்கொண்டது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இருந்தும் நீ படியேறி வருகிற வரை துப்பவில்லை. நீ வாயில் தர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "நார்மல்பா" என்று சந்தோஷமாகச் சொல்லி உன் கையாலேயே நோட்டில் எழுதினாய். வெள்ளிக்கிழமையும் அதே நாடகம். சனிக்கிழமை டெஸ்பேட்ச் நெருக்கடி என்று உன்னை ஓ.டி.யில் நிறுத்திவிட்டார்கள். போனில், "அப்பா, காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாய். "நீ வேலைய பாருடா" என்றேன். சனிக்கிழமைக் கட்டத்தை நானே நிரப்பினேன். நிரப்புகிற கை நிற்காமல், லைனில் சில பேர் ஷிப்ட் முடிகிற வரைக்கும் முன்கூட்டியே எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வரைக்கும் எழுதி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்ரூமில் விழுந்ததும், நீ ஆட்டோ பிடித்து என்னை மடியில் போட்டுக்கொண்டு போனதும் உனக்குத் தெரியும். அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். ஒரு சின்ன வயசு டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கத்தினார். "இன்னிக்கு சாயந்திர டெம்பரேச்சர் இப்பவே எப்படி எழுதியிருக்கு? யார் எழுதினது இது?" நீ என் முகத்தை ஒரு தரம் பார்த்தாய். "நான்தான் சார். நேத்து ஓ.டி.ல இருந்துட்டேன். வந்து பாக்காமலே எழுதிட்டேன்" என்றாய். அத்தனை பேர் எதிரே அவர் உன்னைக் கேட்காத கேள்வி இல்லை. பெற்ற அப்பனைப் பார்த்துக்கொள்ள ஒரு நாள் ஒழியவில்லையா என்று கேட்டார். நீ குனிந்து நின்றாய். எனக்கு நினைவு இருந்தது, சரவணா. எல்லாம் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை, "அவன் இல்ல சார், நான்" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தெம்பு இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் டிரையலிலிருந்து தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

நோட்டில் பொய் எழுதியவன் நான் என்பது உனக்குத் தெரியும், என்னைக் காப்பாற்றத்தான் உன் மேல் போட்டுக்கொண்டாய். ஆனால் காய்ச்சல் சனிக்கிழமைதான் வந்தது, நீ வராத அந்த ஒரு சாயந்திரத்தில்தான் எல்லாம் கெட்டது என்று நீ நம்பிவிட்டாய். அதை நான் திருத்தவே இல்லை. ஒன்பது நாள் படுக்கையில் கிடந்து, மருந்தின் அளவைக் குறைத்து மூன்றாவது தடவை ஏற்றி, இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்து, மறுபடி மூன்று தடவை ஏற்றி, எப்படியோ எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குக் குற்ற உணர்வில் விழுந்த நீதான் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஐந்து வருஷமாக ஆறு மணி பஸ்ஸில் ஓடி வருகிறாய். நான் இருமினால் எழுந்து உட்காருகிறாய். உள்ளதைச் சொல்லட்டுமா? எனக்கு அது பிடித்திருந்தது. மகன் கூடவே இருக்கிறான் என்று சுகமாக இருந்துவிட்டேன். நாய் கூடச் செய்யாது இதை.

போன மாசம் ஐந்தாம் வருஷப் பரிசோதனைக்கு நீ என்னைக் கூட்டிப்போனாயே, நீ மாத்திரை வாங்கக் கீழே போயிருந்த நேரம் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். சுங்குவார்சத்திரம் பக்கம், செங்கல் சூளையில் வேலை, வேறு ஏதோ புது டிரையலில் சேர்ந்திருக்கிறார். "அண்ணே, பேனா கீதா?" என்று வாங்கி, நோட்டைத் தொடை மேல் வைத்துக்கொண்டு மளமளவென்று ஓகே போட ஆரம்பித்தார். "வாந்தி கீந்தி வரலியா?" என்று கேட்டேன். "அத்த ஏன் கேக்குற, சோறு தங்க மாட்டுது. எழுதனா மருந்த நிறுத்திட்டாங்கன்னா? அதான் எல்லாத்துக்கும் ஓகே போட்டுகினு போறேன்" என்று சிரித்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "யோவ், பேனாவ குடுய்யா! செத்துப் போவ!" என்று பிடுங்கினேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக ஜெசிந்தா சிஸ்டர் அறைக்குப் போனேன். அவரைச் சிஸ்டரிடம் உண்மையைச் சொல்ல வைத்துவிட்டு, அந்த ஆள் போனதும் என் கதையை நான் சொன்னேன்.

சிஸ்டர் என் பழைய பைலை எடுத்துவரச் சொன்னார். "முதல் தடவைலயே கை மரத்துச்சா ஐயா?" "மரத்துச்சு." "வாந்தி?" "ஒரு வாரம்." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "உங்க தாள்ல ஒண்ணுமே இல்ல. அதப் பாத்துட்டுதான் ரெண்டாவது தடவையும் முழு அளவு ஏத்தினாங்க. தெரிஞ்சிருந்தா அப்பவே குறைச்சிருப்போம்." நான் டிரையல் பீஸ், மஞ்சள் டேக், ஸ்கிராப் தொட்டி எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "உங்கள யாருங்க பீஸ்னு சொன்னது? மருந்தை எப்ப ஏத்தறது, எப்ப வெட்டறதுன்ற அந்த முறை இருக்கே, அதுதான் பீஸ். அது நல்லதா கெட்டதான்னு உள்ள இருந்து பாத்து எழுத வேண்டியவர் நீங்க. இந்த டிரையல்ல நீங்கதான் இன்ஸ்பெக்டர். நீங்க ஓகேன்னு எழுதினத நம்பி நாளைக்கு இன்னொருத்தருக்கு அதே அளவு ஏத்துவாங்க" என்றார்.

ஐயோ, என் நிலைமையை நினைத்துப் பார். செக் ஷீட்டை முன்கூட்டியே நிரப்பினான் என்று ஒரு ஆபரேட்டரை மூன்று நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னவன் நான். அவன் பெஞ்சாதி வந்து கெஞ்சியும் இறங்கவில்லை. அதே நான், வாழ்நாளில் செய்த பெரிய இன்ஸ்பெக்ஷனில் அளக்காமலே ஓகே போட்டிருக்கிறேன். சிஸ்டர் பழைய தாளைத் தொடவிடவில்லை. தனித் தாளில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, பைலில் சேர்த்தார். நீ மாத்திரையோடு வந்து, ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாய். பசி என்றேன். பார், அப்போதும் ஒரு பொய்.

இதனால் நான் திருந்தி எல்லாரையும் நம்பத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்காதே. அந்த டிரையலின் முடிவு என்ன என்று போகிறபோதெல்லாம் கேட்டு உயிரை எடுக்கிறேன். நான் பிழைத்தது மருந்து முதலில் ஏறியதாலா, கத்தியாலா, அதிர்ஷ்டத்தாலா என்று கேட்டால், ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்கிறார்கள். அதையும் முறைத்துத்தான் கேட்டுக்கொள்கிறேன். நீயும் கேள். போகிற இடத்தில் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. சந்தேகம் வந்தால் ஆளின் முகத்துக்கு நேரே கேட்டுவிடு. என்னைப் போல வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு நிற்காதே. உன் லைனில் ஒருத்தன் கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் அவன் மேல் பாயாதே. பாய்கிறவன் இருக்கிற இடத்தில்தான் எல்லாத் தாளிலும் ஓகே இருக்கும். இதைப் பதினாறு வருஷம் பாய்ந்தவன் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தையே நீ சந்தேகப்படுவாய், எனக்குத் தெரியும். என்னை அனுப்பிவைக்கக் கிழவன் கதை கட்டுகிறான் என்று நினைப்பாய். நீ என் பிள்ளைதானே. அதனால் அம்மாவிடம் கேள். எதற்கு என்று சொல்லாமல், அந்த வாரம் வியாழக்கிழமை பஸ் வருகிற நேரத்தில் அப்பா பிரிட்ஜ் பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று மட்டும் கேள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நான் நின்றதைப் பார்த்தாள். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கிறேன் என்று சொல்லிவைத்தேன், இன்று வரை அப்படித்தான் நம்புகிறாள். நீ கேட்டு முடித்ததும் மற்றதை அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன், அந்த வேலையை உன் தலையில் கட்டமாட்டேன்.

இன்றைய நிலவரத்தையும் கேட்டுக்கொள். விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, இதை எழுத மூன்று நாள் ஆனது. காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. போன வாரம் ஒரு நாள் தலை சுற்றியது, உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன். அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். கேட்டாய், உன் கையால் தர்மாமீட்டரைப் பிடித்தாய். அப்படியும் நான் உன்னை ஏமாற்றினேன். நீ பக்கத்தில் இருந்தது என்னைக் காப்பாற்றவில்லை, சரவணா. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கும். அதை எத்தனை தூரத்திலிருந்தும் கேட்டுக்கொள்ளலாம். திங்கட்கிழமை சரி என்று சொல். அப்பன் சொல்வதில் இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் போன் பண்ணிக் கேள், அங்கே போய் இறங்கிய பிறகு.

அப்பா